பஸ்கா ராத்திரி: இயேசு ஏன் அந்தப் பண்டிகையை தேர்ந்தெடுத்தார்?

லூக்கா 22ல ஒரு வசனம் இருக்கு, நாம பெரும்பாலும் வேகமா தாண்டிப் போயிடுவோம். பந்தியில உக்காந்த உடனே இயேசு சீஷர்கள்ட்ட சொல்றார், நான் பாடுபடுறதுக்கு முன்னாடி உங்களோட இந்தப் பஸ்காவை சாப்பிடணும்னு ரொம்ப ஆசையா இருந்தேன்னு. பஸ்காங்கிறது இஸ்ரவேலர் எகிப்துல இருந்து வெளிய வந்த ராத்திரியை யூதர்கள் வருஷா வருஷம் நினைவுகூர்ற பண்டிகை. ஒரு சாப்பாட்டைப் பத்தி அவர் இப்படி ஏக்கமா பேசின வேற இடம் எனக்கு ஞாபகத்துக்கு வரல. அந்த ஆசைக்கு ஒரு பின்னணி இருக்கு. அவரோட அப்பா அம்மா வருஷா வருஷம் பஸ்காவுக்கு எருசலேமுக்குப் போவாங்கன்னு இதே லூக்கா 2ம் அதிகாரத்துல இருக்கு, பன்னிரண்டு வயசுல அவர் காணாமப் போய் மூணு நாள் கழிச்சு தேவாலயத்துல கண்டுபிடிச்சதும் அந்தப் பயணத்துல தான். நாசரேத்துல இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல நடை, சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்கன்னு கூட்டமா சேர்ந்து போற பயணம். அதாவது பஸ்காங்கிறது அவருக்கு பிரசங்கத் தலைப்பு கிடையாது, சின்ன வயசுல இருந்து வாசனையோட பாட்டோட தெரிஞ்ச பண்டிகை.

நமக்கு அப்படி இல்ல, அதுல தான் சிக்கலே. நான் சின்ன வயசுல இருந்து கேட்ட பெரிய வெள்ளி பிரசங்கங்கள்ல பஸ்கா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும், அன்னைக்கு எகிப்துல ஆட்டுக்குட்டி செத்துச்சு, அது பாவத்துக்கான பலி, இயேசு தான் உண்மையான ஆட்டுக்குட்டி, ஆமென். இதுல கடைசி வரி சரி, நடு வரியைத் தான் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கணும். யாத்திராகமம் 12ம் அதிகாரத்தை முதல் வசனத்துல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சுப் பாருங்க, பாவங்கிற பேச்சே அங்க கிடையாது.

அங்க இருக்கிறது வேற. முதல் மாசம் பத்தாம் தேதி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வயசான, பழுதில்லாத ஒரு ஆட்டுக்குட்டியை எடுத்துக்கணும், செம்மறியா இருந்தாலும் வெள்ளாடா இருந்தாலும் பரவாயில்ல. உடனே வெட்டக்கூடாது, பதினாலாம் தேதி வரைக்கும் வெச்சிருக்கணும். நாலு நாள். வீட்ல குட்டி கட்டி வளர்த்தவங்களுக்கு இது என்னன்னு புரியும், ரெண்டாவது நாளே பிள்ளைங்க தழையை ஒடிச்சிட்டு வந்து அதுக்கு ஊட்ட ஆரம்பிச்சிடும், மூணாவது நாள் அது பின்னாடியே வரும். பதினாலாம் தேதி சாயங்காலம் அதை அடிச்சு, ரத்தத்துல ஈசோப்புங்கிற செடியோட கொத்தை தோய்ச்சு வாசல் நிலைக்கால் ரெண்டுலயும் மேல்சட்டத்துலயும் தெளிக்கணும். கறியை வேகவெக்கக்கூடாது, முழுசா நெருப்புல சுடணும், ஒரு எலும்பையும் முறிக்கக்கூடாது, விடியிற வரைக்கும் மிச்சம் வெக்கக்கூடாது. வீடு சின்னதா இருந்து ஒரு குட்டியை முழுசா சாப்பிட ஆள் பத்தலைன்னா பக்கத்து வீட்டுக்காரங்களையும் சேர்த்துக்கோங்கன்னு நாலாவது வசனம் சொல்லுது, எனக்கு ரொம்ப பிடிச்ச வசனம் அது. இடுப்புல கச்சை, கால்ல செருப்பு, கையில தடி, எழுந்து கிளம்புற மாதிரியே உக்காந்து அவசர அவசரமா சாப்பிடணும். புளிப்பில்லாத அப்பமும் இந்த அவசரத்தோட சேர்ந்தது தான், பிசைஞ்ச மாவு புளிச்சு பொங்குறதுக்குள்ள கிளம்பிட்டாங்க. ராத்திரி முழுக்க தோசை மாவு பொங்கக் காத்திருக்கிற நமக்கு இந்த விஷயம் விளக்கம் இல்லாமயே புரியும், மாவு புளிக்கணும்னா நேரம் வேணும், நேரம் இருக்கிறது வீடுன்னு ஒண்ணு நிலையா இருக்கிறவனுக்குத் தான்.

இதெல்லாம் சேர்த்துப் பாத்தா ஒரு விஷயம் தெளிவா தெரியுது, இது அடிமைங்க விடுதலை ஆகுற ராத்திரியோட சாப்பாடு. எகிப்துல தலைப்பிள்ளைங்க சாகுற அந்த ராத்திரியில ரத்தம் அந்த வீட்டைக் காப்பாத்துது, கறி வழிநடைக்கு பலம் குடுக்குது, விடிஞ்சா பார்வோனோட செங்கல் சூளைக்கு இனிமே போக வேண்டாம். பாவத்துக்கான பலி லேவியராகமம் 4லயும், வருஷாந்தர பாவநிவிர்த்தி நாள் லேவியராகமம் 16லயும் தனியா வருது, அந்த நாள் ஏழாம் மாசம், பஸ்காவுல இருந்து ஆறு மாசம் தள்ளி. இன்னொரு முக்கியமான வித்தியாசம், தன் பாவத்துக்காக ஒருத்தன் கொண்டு வர்ற பலியில இருந்து அவன் ஒரு துண்டு கூட சாப்பிடுறதில்ல. பஸ்காவை சாப்பிட்டே ஆகணும், சாப்பிடலைன்னா பஸ்காவே கிடையாது.

இயேசுவோட மரணத்துக்கு பாவநிவிர்த்தி நாள் தான் பொருத்தம்னு யாராவது யோசிச்சிருந்தா அது நியாயமா தான் தோணியிருக்கும். ஆனா அவர் எருசலேமுக்குள்ள நுழைஞ்சது பஸ்கா வாரத்துல. அப்படின்னா பாவமன்னிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையான்னு கேட்டா, நிச்சயமா இருக்கு, மத்தேயு 26ல பாத்திரத்தைக் குடுக்கும்போது பாவமன்னிப்புக்காக சிந்தப்படுற ரத்தம்னு அவரே சொல்றார், கூடவே உடன்படிக்கையோட ரத்தம்னு சொல்றார், அது சீனாய் மலை அடிவாரத்துல மோசே ஜனங்க மேல தெளிச்ச ரத்தம், யாத்திராகமம் 24. அடிக்கப்படக் கொண்டு போற ஆட்டுக்குட்டி ஏசாயா 53ல இருந்து வருது. இப்படி பல இழைகளை அவரும் அப்போஸ்தலரும் ஒண்ணா முறுக்கினாங்க. என் ஆதங்கம் என்னன்னா அதுல பாவம்ங்கிற இழையை மட்டும் நாம கையில புடிச்சுக்கிட்டு, விடுதலைங்கிற இழையை விட்டுட்டோம், பஸ்காவுல அது தான் முதல் இழை.

சரி, இயேசு காலத்து பஸ்காவுக்கு வருவோம். எகிப்துல வீட்டுக்கு வீடு அடிச்ச ஆட்டுக்குட்டியை உபாகமம் 16க்கு அப்புறம் ஊர்ல அடிக்க முடியாது, எருசலேம் தேவாலயத்துக்குத் தான் கொண்டு வரணும். கி.பி. 200 வாக்குல தொகுத்த மிஷ்னாங்கிற யூத சட்டத் தொகுப்புல இதோட வர்ணனை இருக்கு, வாசிக்கும்போது கண்ணு முன்னாடி நடக்குற மாதிரி இருக்கும். ஜனங்க மூணு பிரிவா உள்ள விடப்படுவாங்க, கதவை சாத்துவாங்க, எக்காளம் ஊதும். ஆசாரியர்கள் வரிசை வரிசையா நிப்பாங்க, ஒரு வரிசை முழுக்க வெள்ளிக் கிண்ணம், இன்னொரு வரிசை முழுக்க தங்கக் கிண்ணம், கலந்து நிக்க மாட்டாங்க. குட்டியை அறுக்கிறது கொண்டு வந்தவன், ரத்தத்தைப் பிடிக்கிறது ஆசாரியன், கிண்ணம் கை மாறி கை மாறி பலிபீடம் வரைக்கும் போய் அங்க ஊத்தப்படும். அந்தக் கிண்ணங்களுக்கு தட்டையான அடிப்பாகம் கிடையாது, யாராவது கீழ வெச்சிட்டா ரத்தம் உறைஞ்சிடும்னு, வெக்கவே முடியாதபடி செஞ்சிருந்தாங்க. இது நடக்கிற நேரம் முழுக்க லேவியர் சங்கீதம் பாடிட்டே இருப்பாங்க. அப்புறம் குட்டியை எடுத்துட்டு தங்கற இடத்துக்கு வந்து மாதுளைக் குச்சியில கோத்து சுடுவாங்க. பேதுருவையும் யோவானையும் போய் பஸ்காவை ஆயத்தம் பண்ணுங்கன்னு இயேசு அனுப்பினார்னு வாசிக்கிறோமே, ஒரு பஸ்காவை ஆயத்தம் பண்றதுன்னா இவ்வளவும் தான் அர்த்தம், மேல்வீட்டறையில பாய் விரிக்கிறதோட அது முடியல.

கூட்டம் எவ்வளவுன்னா, யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் ஒரு வருஷம் 2,56,500 ஆட்டுக்குட்டிகள் எண்ணப்பட்டதா எழுதியிருக்கார், ஒரு குட்டிக்கு பத்து பேருக்குக் குறையாம சாப்பிடுவாங்கன்னும் சொல்றார். இந்த எண்ணிக்கை ரொம்ப மிகைன்னு ஆய்வாளர்கள் பலரும் நினைக்கிறாங்க, ஆனா நகரம் தாங்காத கூட்டம்ங்கிறதுல சந்தேகமில்ல. இந்தக் கூட்டம் கொண்டாடுறது என்ன? ஒரு பேரரசன் கையில இருந்து கடவுள் எங்களை விடுவிச்சார்னு. அந்தக் கொண்டாட்டத்தை மேல நின்னு பாக்கிறது ரோமப் போர்வீரன். அதனால தான் செசரியாவுல இருக்க வேண்டிய ரோம ஆளுநர் பிலாத்து பண்டிகை நேரத்துல எருசலேம்ல இருக்கார். பின்னாடி வந்த குமானஸ்ங்கிற ரோம ஆளுநர் காலத்துல பஸ்கா சமயத்துல ஒரு ரோம வீரன் தேவாலயத்துக்கு வந்த ஜனங்களைப் பாத்து அசிங்கமா நடந்துக்கிட்டு, அதுல கலவரம் மூண்டு நெரிசல்ல ஆயிரக்கணக்கானவங்க செத்தாங்கன்னு ஜோசிஃபஸ் சொல்றார். குருத்தோலையோட ஒருத்தரை ராஜான்னு கூப்பிட்டுட்டு ஒரு கூட்டம் இந்த வாரத்துல ஊருக்குள்ள வந்தா அது எப்படி பாக்கப்பட்டிருக்கும்னு இப்ப யோசிச்சுப் பாருங்க. சிலுவை மேல எழுதின குற்றச்சாட்டும் யூதருடைய ராஜாங்கிறது தானே.

கடைசி இராப்போஜனம் பஸ்கா சாப்பாடு தானாங்கிறதுல சுவிசேஷங்களுக்குள்ளயே ஒரு வித்தியாசம் இருக்கு, அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லைன்னு நினைக்கிறேன். மத்தேயு, மாற்கு, லூக்கா மூணு பேரும் அது பஸ்கா பந்தின்னு தெளிவா சொல்றாங்க. யோவான்ல, இயேசுவை பிலாத்துகிட்ட கொண்டு போனவங்க அரண்மனைக்குள்ள நுழைய மாட்டேங்கிறாங்க, தீட்டுப்பட்டா பஸ்காவை சாப்பிட முடியாதேன்னு, அப்படின்னா அவங்களுக்கு பந்தி இன்னும் வரல. யோவான் கணக்குப்படி ஆட்டுக்குட்டிகளை தேவாலயத்துல அறுக்கிற அதே மத்தியானத்துல இயேசு சிலுவையில தொங்குறார். ரெண்டு கணக்கையும் ஒட்ட வைக்க பல பேர் பலவிதமா முயற்சி பண்ணியிருக்காங்க, எனக்கு எந்த விளக்கமும் முழுசா திருப்தி தரல, ஆனா யோவான் எதைக் காட்ட வர்றார்ங்கிறது தெளிவு. காடியில தோய்ச்ச ஸ்பாஞ்சை ஈசோப்புல மாட்டி நீட்டினாங்கன்னு அவர் மட்டும் தான் எழுதுறார், வாசல்ல ரத்தம் தெளிச்ச அதே செடி. கால் எலும்பை முறிக்கலைன்னு எழுதுறதும் அவர் தான், யாத்திராகமம் 12ல இருந்த அதே விதி. யோவான் இதை எழுதுறதுக்கு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே, கி.பி. 55 வாக்குல, பவுல் கொரிந்து சபைக்கு நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்துன்னு எழுதிட்டார். அந்த வசனத்துக்கு அடுத்து அவர் சொல்றது என்ன தெரியுமா, பழைய புளித்த மாவை தூக்கிப் போட்டுட்டு பண்டிகை கொண்டாடுவோம்ங்கிறார். பெரும்பாலும் புறஜாதிக்காரங்க இருந்த ஒரு சபைக்கு எந்த விளக்கமும் குடுக்காம இப்படி எழுதுறார்னா, அவங்களுக்கு இந்த யூதப் பண்டிகை நல்லாத் தெரிஞ்சிருந்துச்சுன்னு தானே அர்த்தம்.

விடுதலைங்கிற அர்த்தத்தை நான் இவ்வளவு அழுத்துறதுக்கு ஒரு காரணம் வரலாற்றுல இருக்கு. 1807ல லண்டன்ல ஒரு பைபிள் அச்சாச்சு, பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகள்ல இருந்த கறுப்பின அடிமைகளுக்கு போதிக்கிறதுக்காகன்னே தயார் பண்ணது. பழைய ஏற்பாட்டுல பெரும்பகுதியை வெட்டிட்டாங்க, எகிப்துல இருந்து இஸ்ரவேலர் விடுதலையாகி வெளிய வந்த கதையே அதுல இல்ல. யோசேப்பு அடிமையா விக்கப்பட்டது இருந்துச்சு, அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படியணும்ங்கிற வசனம் இருந்துச்சு. பஸ்கா ஒரு ஆவிக்குரிய அடையாளம் மட்டும் தான்னா அதை ஏன் வெட்டணும்? அதோட அர்த்தம் அடிமைகள் காதுல விழுந்தா என்ன ஆகும்னு தெரிஞ்சு தான் வெட்டினாங்க.

வார்த்தையைப் பத்தியும் கொஞ்சம் சொல்லணும். எபிரேயத்துல பெசாக், அரமேய்க்ல பஸ்கா, கிரேக்கத்துலயும் அப்படியே பஸ்கா. இங்கிலீஷ்ல பாஸோவர் ஒண்ணு, ஈஸ்டர் ஒண்ணுன்னு ரெண்டா பிரிஞ்சதால சம்பந்தம் மறைஞ்சு போச்சு, ஆனா பிரெஞ்ச், ஸ்பானிஷ், இத்தாலியன் எல்லாத்துலயும் உயிர்த்தெழுதல் திருநாளுக்குப் பேரே பஸ்கால இருந்து வந்தது தான். தமிழ்ல கத்தோலிக்கங்க கிட்ட இந்த வார்த்தை உயிரோட இருக்கு, பாஸ்கா திரி, பாஸ்கா விழிப்பு, திண்டுக்கல் சிவகங்கை பக்கத்து ஊர்கள்ல ராத்திரி முழுக்க நடக்கிற இயேசுவோட பாடுகள் நாடகத்துக்கே பாஸ்கான்னு தான் பேரு. கேரளாவுல சிரியன் கிறிஸ்தவ வீடுகள்ல பெரிய வியாழன் ராத்திரி புளிக்காத பெசஹா அப்பம் சுட்டு, மேல குருத்தோலையில சிலுவை வெச்சு, வீட்டுப் பெரியவர் ஜெபம் பண்ணி வெட்டிக் குடுப்பார், வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்த பெசஹா பாலோட. கோயில்ல மட்டும் நடக்காம வீட்ல, குடும்பமா, சாப்பாட்டுல நடக்குது பாருங்க, பஸ்காவோட பழைய உருவம் அங்க இன்னும் இருக்கு.

ஆரம்பத்துல சின்ன ஆசியா சபைகள் யூதரோட கூடவே, அவங்க முதல் மாசமான நிசான் 14ம் தேதியே பஸ்காவை அனுசரிச்சாங்க, எந்தக் கிழமையா இருந்தாலும். ரோம் சபை ஞாயித்துக்கிழமை தான்னு சொன்னுச்சு. இரண்டாம் நூற்றாண்டு நடுவுல சின்ன ஆசியாவுல இருந்த சிமிர்னாவோட ஆயர் பாலிகார்ப் ரோமுக்கே வந்து ரோம் ஆயர் அனிசேட்டஸ்கிட்ட பேசினார், ஒத்துப்போக முடியல, ஆனா சண்டை போடாம சமாதானமா பிரிஞ்சாங்க. 325ல நைசியாவுல ஆயர்கள் கூடின சங்கத்துக்கு அப்புறம் யூதக் காலண்டரை சார்ந்திருக்கக் கூடாதுங்கிற முடிவு வந்துச்சு. முறையான கணக்கு வேணும்னு நினைச்சது புரியுது, ஆனா அப்ப ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் எழுதின கடிதத்துல யூதரைப் பத்தி இருக்கிற வெறுப்பு வார்த்தைகளை வாசிச்சா மனசு கனத்துப் போகும், கொண்டாடுறது ஒரு யூதரோட உயிர்த்தெழுதலை. அந்தப் பிரிவால தான் சில வருஷம் ரெண்டும் ரொம்ப தள்ளிப் போகுது, 2024ல ஈஸ்டர் மார்ச் 31, பஸ்கா ஆரம்பிச்சது ஏப்ரல் 22 சாயங்காலம், யூதக் காலண்டர்ல அந்த வருஷம் ஒரு மாசம் கூடுதலா சேர்ந்ததால.

தள்ளிப் போனது தேதி மட்டும் இல்ல. யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தையைக் கொன்னு ரத்தத்தை பஸ்கா அப்பத்துல கலக்கிறாங்கன்னு ஐரோப்பாவுல ஒரு பொய் பரவுச்சு. எந்த ரத்தத்தையும் சாப்பிடக் கூடாதுன்னு லேவியராகமம் 17 சொல்லுது, கறியில இருக்கிற ரத்தத்தைக் கூட உப்புப் போட்டு வடிச்சு எடுக்கிற ஜனங்க மேல இந்தப் பழி. 1475ல இத்தாலியோட ட்ரென்ட் நகரத்துல ஒரு சின்னப் பையன் சாவை வெச்சு யூதர்களை சித்திரவதை பண்ணிக் கொன்னாங்க, அந்தப் பையனுக்கு நடந்த வணக்கத்தை கத்தோலிக்கத் திருச்சபை 1965ல தான் நிறுத்துச்சு. 1903ல ரஷ்யப் பேரரசுல இருந்த கிஷினேவ் நகரத்துல இதே பொய்யைக் கிளப்பி விட்டு நடந்த கலவரத்துல 49 யூதர்கள் செத்தாங்க, அது ஆரம்பிச்சது ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை. ஆராதனை முடிஞ்சு வந்த நாள்ல. நம்ம விசுவாசத்தோட வேர் யூத வேர்னு நாம சந்தோஷமா சொல்லும்போது, அந்த வேருக்கு நம்ம பேரால என்ன நடந்துச்சுங்கிறதையும் சேர்த்துத் தான் சொல்லணும்.

இப்ப சில சபைகள்ல பெரிய வியாழன் அன்னைக்கு செடர் விருந்து, அதாவது யூதர்கள் பஸ்கா ராத்திரி வீட்ல வெக்கிற விருந்து, நடத்துறாங்க, மட்ஸாங்கிற புளிக்காத அப்பம் மூணும் திரித்துவம், நடு அப்பத்தை உடைச்சு துணியில சுத்தி ஒளிச்சு வெக்கிறது இயேசுவோட அடக்கம்னு விளக்கம் குடுப்பாங்க. நல்ல மனசோட தான் செய்றாங்க, ஆனா எனக்கு இதுல உடன்பாடு இல்ல. கி.பி. 70ல ரோமர் தேவாலயத்தை இடிச்சதும் ஆட்டுக்குட்டி பலி நின்னு போச்சு. பலி இல்லாம பஸ்காவை எப்படிக் கொண்டாடுறதுன்னு தவிச்ச ஜனங்களுக்கு ரபிமார்ங்கிற யூத மத குருக்கள் கொஞ்சம் கொஞ்சமா உருவாக்கிக் குடுத்தது தான் இன்னைக்கு இருக்கிற செடர். இயேசு மேஜையில இந்த முறை அப்படியே இருந்திருக்காது, அவர் மேஜையில ஆடு இருந்திருக்கும். இடிஞ்சு போன வீட்டுல இருந்து ஒரு ஜனம் காப்பாத்தி எடுத்து வெச்ச பொருளை நாம எடுத்து நம்ம பேரை எழுதுற மாதிரி ஆகிடும்.

அதுக்குப் பதிலா ஒரு யூத வீட்டை கவனிச்சுப் பாக்கலாம், கத்துக்க நிறைய இருக்கு. பண்டிகைக்கு முந்தின ராத்திரி விளக்கை அணைச்சிட்டு ஒரு மெழுகுவர்த்தி, ஒரு இறகு, ஒரு மரக் கரண்டியோட அப்பாவும் பிள்ளைங்களும் வீடு முழுக்க புளிப்புள்ள ரொட்டித் துணுக்கைத் தேடுவாங்க, அலமாரிக்குப் பின்னாடி, சோஃபா இடுக்குல எல்லாம், கிடைச்சதை காலைல எரிப்பாங்க. பவுல் சொன்ன பழைய புளித்த மாவு எனக்கு சரியாப் புரிஞ்சது இதைப் பத்தி வாசிச்சப்புறம் தான். பந்தியில உப்புத் தண்ணி கண்ணீருக்கு, பழமும் கொட்டையும் அரைச்ச கரோசெத் செங்கல் சாந்துக்கு, கசப்புக் கீரை கசப்பான வாழ்க்கைக்கு. பத்து வாதைகளை சொல்லும்போது ஒவ்வொண்ணுக்கும் ஒரு துளி திராட்சரசத்தை பாத்திரத்துல இருந்து எடுத்துடுவாங்க, எகிப்தியரும் செத்தாங்களே, நம்ம சந்தோஷம் முழுசா நிரம்பக் கூடாதுன்னு பல வீடுகள்ல விளக்கம் சொல்வாங்க. இந்த ராத்திரி மத்த ராத்திரிகள்ல இருந்து ஏன் வேற மாதிரி இருக்குன்னு கடைக்குட்டி தான் கேக்கணும், அதுக்குப் பதிலா தான் முழுக் கதையும் வரும். ஒவ்வொரு தலைமுறையிலயும் ஒருத்தன் தானே எகிப்துல இருந்து வெளிய வந்ததா நினைச்சுக்கணும்னு மிஷ்னா சொல்லுது. என் முன்னோர் வந்தாங்கன்னு இல்ல, நானே வந்தேன்னு. என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்னு இயேசு சொன்ன அந்த நினைவும் இந்த வகை நினைவு தான், செத்துப் போனவரை போட்டோ பாத்து ஞாபகப்படுத்திக்கிற மாதிரி இல்ல, அந்த ராத்திரியில நாமளும் உக்காந்திருக்கிற மாதிரி.

பெரிய வியாழன் ராத்திரி வீட்ல ஒண்ணு செய்யலாம், அதுக்கு செடர் தட்டு எதுவும் வேண்டாம். ஸ்தோத்திரப் பாட்டைப் பாடிட்டு ஒலிவமலைக்குப் போனாங்கன்னு மத்தேயுவும் மாற்கும் சொல்றாங்க இல்லையா, பஸ்கா பந்தியில பாடுறது அல்லேல்னு சொல்ற சங்கீதங்கள், 113ல இருந்து 118 வரைக்கும், மொத்தம் 85 வசனம். கால் மணி நேரத்துல பிள்ளைங்களோட மாத்தி மாத்தி சத்தமா வாசிச்சிடலாம். 114ல எகிப்து வரும், 118ல வீடு கட்டுறவங்க தள்ளின கல்லு வரும். அதுக்கு அஞ்சு வசனம் முன்னாடி, நான் சாவாமல் பிழைத்திருந்துன்னு ஒரு வரி வரும். அதையும் பாடிட்டு தான் அவர் எழுந்தார். நிசான் மாசம் நடுவுல எப்பவுமே பௌர்ணமி, அதனால கெதரோன் பள்ளத்தாக்குல இறங்கும்போது வழி நல்லாவே தெரிஞ்சிருக்கும்.